தைக்காத விரல்

கோர்படி ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், தகரக்கூரை போட்ட வரிசை வீடுகளில் கடைசி வீடு ஜம்புவுடையது. முழுப்பெயர் ஜம்புலிங்கம். அக்கம்பக்கத்து மராட்டியர்கள் அந்தப் பெயரோடு மல்லுக்கட்ட முடியாமல் 'பேடூக்வாலா' என்று வைத்துவிட்டார்கள். பேடூக் என்றால் தவளை. பாஷாண் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தவளைக் குஞ்சுகளை வளர்ப்பதுதான் பதினாறு வருஷமாக அவனுக்கு வேலை.

முதல் மழை விழுந்த மறுநாள் விடியலில் வாளியும் வலையுமாகக் கல்குவாரிப் பள்ளங்களுக்குப் போவான். தண்ணீரில் கறுப்புப் பாசிமணி கோத்த நூல்போலக் கிடக்கும் தேரை முட்டைகளை அள்ளிவருவான். அவை பொரிந்து தலைப்பிரட்டைகள் ஆனதும் வேகவைத்த பாலக்கீரையைக் கிள்ளிப் போடுவான். நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் மாற்றுவான். கொஞ்சம் வளர்ந்ததும் ஒவ்வொன்றாக மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விட்டு, லென்சுக்குக் கீழே வைத்து, பிளேடால் வாலில் பாதியை வெட்டுவான். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் வெட்டினால் கோணிக்கொள்ளும். ஜம்பு வெட்டினால் நூல் பிடித்தாற்போல இருக்கும். வெட்டிய வால் பத்து நாளில் திரும்ப வளர்ந்துவிடும். அது எப்படி வளர்கிறது, உள்ளே எந்த ஜீன் எத்தனையாவது மணி நேரத்தில் எழுந்து வேலை செய்கிறது என்பதைத்தான் அங்கே தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜம்புவின் அப்பா ஆரணிப் பக்கத்திலிருந்து தண்டவாள வேலைக்கு வந்தவர். ஜம்பு பிறந்தது கோர்படியில். மனைவி பவுனு போளூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த மறுவருஷமே ஒரு கிரைண்டரைப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தாள். ரயில்வே குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் மட்டும் என்றில்லை, மராட்டிய வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமை இட்லி என்றால் பவுனு மாவுதான். இவர்களுக்கு ஒரே பெண், அம்மு. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். தொண்ணூற்றேழாம் வருஷம், இது நடந்தபோது, அவளுக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது.

ஜூலை மாதம். மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஞாயிறு காலை வெறித்திருந்தது. ஜம்பு சைக்கிளை வாசலில் தலைகீழாக நிறுத்தி, மண்ணெண்ணெய்த் துணியால் சங்கிலியைத் துடைத்துவிட்டு, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறுகையால் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். எதிரே அம்மு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்டார். ஜம்பு திரும்பி, இன்னும் வரவில்லை என்றான். அவ்வளவு நேரம்தான். எண்ணெய்ச் சொட்டு மினுங்குகிற இடத்தைத் தொட்டுப் பார்க்க அம்மு இடது கையை நீட்டியிருக்கிறாள். பெடல் ஒரு இடத்தில் இடறியதுபோல இருந்தது. இடறுகிறதே என்று அவன் கொஞ்சம் அழுத்தியும் சுற்றிவிட்டான். அதற்கப்புறம்தான் குழந்தையின் சத்தம் வந்தது.

சுட்டுவிரலின் நுனி போயிருந்தது. பாதி நகத்தோடு போயிருந்தது. பவுனு முழங்கைவரை மாவுக் கையோடு ஓடிவந்து குழந்தையைத் தூக்கினாள். கவுனின் முதுகில் வெள்ளையாக ஐந்து விரலும் பதிந்தது. ஜம்பு பல்சக்கரத்தில் தடவித் தேடி, கறுப்பு மசகில் ஒட்டியிருந்ததை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டான்.

கேம்ப் பகுதியில் இருந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ட்யூட்டியில் இருந்தவர் ஓர் இளம் டாக்டர். கைக்குட்டையில் இருந்ததைப் பார்த்து, நசுங்கிவிட்டது, ஒட்டவைக்க முடியாது என்றார். காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டுவரச் சொன்னார். நுனியில் துருத்துகிற எலும்பைக் கொஞ்சம் செதுக்கிவிட்டு, தோலை இழுத்து மூடித் தைத்துவிட்டால் வேலை முடிந்தது, விரல் சற்றுக் கட்டையாக இருக்கும், வேறொன்றும் இல்லை என்றார். எல்லாம் இந்தியில். பவுனு தனக்குத் தெரிந்த இந்தியில், திரும்ப வளருமா என்று கேட்டாள். டாக்டர் கோபப்படாமல்தான் சொன்னார், விரல் என்ன பல்லியின் வாலா அம்மா என்று. ஜம்பு நிமிர்ந்து அவரைப் பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன்போல நின்று, கேட்காமல் வெளியே வந்தான்.

திங்கட்கிழமை அவன் சைக்கிளைத் தொடவில்லை. அது வாசலில் தலைகீழாகவே மழையில் நனைந்துகொண்டிருந்தது. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனான். அன்றைக்கு இருநூறு உருப்படி வெட்டவேண்டிய நாள். கேஷவ் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக் காத்திருந்தான். பம்பாய் மாட்டுங்காவில் வளர்ந்த பையன், ஆராய்ச்சி மாணவன். தமிழ் பேசுவான், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் பையைத் துழாவி எடுப்பதுபோலப் பேசுவான். ஜம்பு முதல் தலைப்பிரட்டையை லென்சுக்குக் கீழே வைத்தான். பிளேடை எடுத்தான். கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தான். வெட்டினான், வெட்டு கோணிக்கொண்டது. பதினாறு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. கேஷவ் என்னவென்று கேட்டதும் சொன்னான்.

சொல்லிக்கொண்டே வந்தவன், "தோல மூடித் தெக்கப் போறாங்களாம்" என்ற இடத்தில் நின்றுவிட்டான். இருவருக்கும் ஒரே விஷயம்தான் நினைவுக்கு வந்தது. போன வருஷம் கேஷவ் ஒரு பரிசோதனை செய்தான். வால் வெட்டிய நாற்பது தலைப்பிரட்டைகளை எடுத்து, முதுகுத் தோலில் ஒரு துணுக்கை உரித்து வெட்டுவாயின் மேல் போட்டு மூடவேண்டும். அந்த நாற்பதுக்கும் மூடியது ஜம்புவின் கைதான். ஒன்றுக்குக்கூட வால் வளரவில்லை. மூடாமல் விட்ட நாற்பதில் முப்பத்தேழு வளர்ந்தன. மூடியவற்றில் அந்த ஜீன்கள் எழுந்திருக்கவே இல்லை என்று கேஷவ் படம் போட்டுக் காட்டினான். வெட்டுப்பட்ட இடம் திறந்திருந்தால்தான், முட்டைக்குள் வால் உருவானபோது வேலை செய்த ஜீன்கள் மறுபடி எழும் என்றான்.

ஜம்பு மேலதிகாரியிடம் போனான். டாக்டர் ரவிசந்திரன் அந்த ஆய்வுக்கூடத்துக்கே தலைவர், தஞ்சாவூர்க்காரர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, இதை இங்கே கொண்டுவராதே என்றார். நான் வைத்தியன் இல்லை. தலைப்பிரட்டையில் நடப்பது தலைப்பிரட்டையில் மட்டும்தான். அதே ஜீன்கள் மனுஷனிடமும் இருக்கின்றன, ஆனால் அடங்கிப் போனவை. நாளைக்கு ஏதாவது ஆனால் நிலையத்தின் பெயர் கெடும். டாக்டர் சொல்கிறபடி செய். இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள். இதைச் சொல்லும்போது அவர் எழுந்து வந்து ஜம்புவின் தோளைத் தொட்டார் என்பதையும் சொல்லவேண்டும். கெட்ட மனுஷர் இல்லை.

கேஷவ் மதியமே காணாமல் போய்விட்டான். சாயங்காலம் ஆறு மணிக்கு, மழைக்கோட்டு சொட்டச் சொட்ட, கோர்படி வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினான். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் தேடி, ஒரு பழைய இங்கிலீஷ் கட்டுரையை நகல் எடுத்துவந்திருந்தான். இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு விரல் நுனி போனால் தைக்காமல், சுத்தமாகக் கட்டி மட்டும் வைத்து விட்டுவிட்டார்களாம். நகத்தின் வேர் தப்பியிருந்தால் நுனி தானாகவே வளர்ந்துவிட்டதாம், நகத்தோடு சேர்த்து. சின்ன வயசாக இருக்கவேண்டும். தைத்து மூடக்கூடாது.

"அக்கா, இது தவளை மாதிரியே நடக்கறதான்னு எனக்குத் தெரியாது" என்றான் கேஷவ் பவுனுவிடம். "யாருக்குமே இன்னும் ஸரியா தெரியாது. ஆனா குழந்தைகளுக்கு வளர்ந்திருக்கு. அது மட்டும் நிஜம்."

பவுனு அவனுக்கு டீ கொடுத்தாள். அம்மு மருந்து மயக்கத்தில் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். பவுனு அடுப்படியில் உட்கார்ந்து நாளைய அரிசியைக் களைந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். நான்கு தரம் களைந்துவிட்டாள், இன்னும் களைந்துகொண்டிருந்தாள்.

"அவுரு டாக்டரு" என்றாள் கடைசியில். "நீ இன்னா?"

"நான் வால் வெட்றவன்தான்."

"எங்கொழந்த தவக்களயா?"

ஜம்பு அவள் எதிரே உட்கார்ந்தான். பிறகு, "மூடிட்டா அப்புறம் வளராது பவுனு. நாப்பது உருப்படில என் கையால மூடிப் பாத்தன். ஒண்ணுகூட வளரல. மூடாத விட்டா வளர்றதுக்கு ஒரு வழி இருக்குது. தெச்சிட்டா அந்த வழியும் போச்சி" என்றான்.

"வளரலன்னா? எலும்பு தெரியிற விரல வெச்சிகினு இன்னா பண்றது? சீழ் புடிச்சி கையே போச்சின்னா நாளக்கி அவளாண்ட இன்னா சொல்லுவ?"

ஜம்பு கட்டிலின் பக்கம் பார்த்தான்.

"பெடல சுத்தனதும் நீதான்" என்றாள் பவுனு. குரலை உயர்த்தவில்லை. "இப்ப தெக்க வாணாங்கறதும் நீதான்."

செவ்வாய்க்கிழமை காலையில் மூவரும் ஆட்டோவில் போனார்கள். போகும்போதுகூட ஜம்பு என்ன செய்யப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது. அம்முவுக்கு ஒன்றும் சாப்பிடக் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் பசிக்கிறது, பசிக்கிறது என்று அழுதுகொண்டே வந்தாள். ஜம்பு அந்த நகலை டாக்டரிடம் நீட்டினான். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, எவ்வளவு படித்திருக்கிறாய் என்று கேட்டார். பத்தாவது என்றான். எங்கே வேலை என்றார். சொன்னான். அங்கே என்னவாக இருக்கிறாய் என்றார். அட்டெண்டர் என்றான். டாக்டருக்கு வேலை தலைக்குமேல் இருந்தது. வராந்தா முழுக்க ஆட்கள். குழந்தையை அழைத்துப் போவதானால் போகலாம், என் சொல்லை மீறி அழைத்துப் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டுவிடு என்றார்.

ஜம்பு பவுனுவைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் அம்முவுக்கு வண்டிக் கடையில் ஒரு தட்டு போஹா, அவல் உப்புமா, வாங்கிக்கொடுத்தார்கள். ஸ்பூனை வலது கையில் பிடித்து அவளே சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஜம்புவுக்கு உட்காரவும் முடியாத, நிற்கவும் முடியாத நாட்கள். கோர்படி பஜாரில் இருந்த சின்ன கிளினிக்கில் நாலு நாளுக்கு ஒருதரம் கட்டு மாற்றினார்கள். அந்த டாக்டர், கட்டுகிறேன், ஆனால் என்னிடம் கருத்துக் கேட்காதே என்று சொல்லிவிட்டார். மருந்து தடவிய வலைத்துணி, மேலே பஞ்சு, அதன்மேல் கட்டு. நடுவில் பிரிக்கக்கூடாது, நனைக்கக்கூடாது. ஜம்பு வேலை முடிந்து வந்தால் கைகால் கழுவுவதற்கு முன்னே அம்முவின் பக்கத்தில் உட்கார்ந்து கட்டையே பார்ப்பான். எழுந்து வாசலுக்குப் போவான். திரும்ப வந்து பார்ப்பான். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய்ப் பார்ப்பான். பவுனு அவன் தட்டில் களியை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். போளூரில் கேழ்வரகில் கிளறுவாள், இங்கே ஜ்வாரி என்கிற சோள மாவில் கிளறப் பழகியிருந்தாள். அந்த நாட்களில் அது ஒரு நாள் கட்டிதட்டியும் ஒரு நாள் நீர்த்தும் இருந்தது. மாவும் புளித்துப் போகிறது என்று குடியிருப்பில் இரண்டு வீட்டில் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

அவனை அதிகமாக அரித்தது வேறொன்று. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தலைப்பிரட்டைகளுக்கு எல்லா நாளும் ஒன்றல்ல. பொரிந்த முதல் சில நாளில் வெட்டினால் வால் வளரும். அப்புறம் ஒரு மூன்று நாள் வரும். அந்த நாட்களில் வெட்டினால் எத்தனை சுத்தமாக வெட்டினாலும், எத்தனை நல்ல தண்ணீரில் விட்டாலும் வளராது. மொட்டையாகவே நின்றுவிடும். அந்த மூன்று நாள் தாண்டிவிட்டால் மறுபடி வளர ஆரம்பிக்கும். இதை முதலில் கவனித்தவன் ஜம்புதான். கேஷவ் அதை எழுதிக்கொண்டு, அந்த மூன்று நாளில் எந்த ஜீன் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று தேட ஆரம்பித்தான். கட்டுரையில் சின்ன வயசு என்றுதானே இருக்கிறது, ஆறு வயசு சின்ன வயசா? குழந்தைகளுக்கும் அந்த மாதிரி ஒரு பொல்லாத காலம் நடுவில் உண்டா? அப்படி இருந்தால் அம்மு இப்போது எதில் இருக்கிறாள்? தொட்டியறையில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வி வரும். குவளை கையிலேயே நின்றுவிடும். கேஷவிடம் ஒருநாள் கேட்டும் பார்த்தான். தெரியவில்லை என்றான் கேஷவ். பொய் சொல்லத் தெரியாத பையன்.

ஒன்பதாம் நாள் கட்டிலிருந்து வாடை வர ஆரம்பித்தது. பத்தாம் நாள் வீட்டுக்குள் நுழைந்தாலே தெரிந்தது. அன்றைக்கு அம்முவுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. சளியாக இருக்கலாம், அந்த வரிசையில் எல்லாக் குழந்தைகளுக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. நாளை கட்டு மாற்றுகிற நாள், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஜம்பு வேலைக்குப் போனான். ஆனால் அங்கே இருக்க முடியவில்லை. பதினோரு மணிக்கே சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தான். கிரைண்டரில் அரிசி பாதி அரைபட்டுக் கிடந்தது. பவுனு ஒருநாளும் பாதி அரைத்த மாவை விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை. பக்கத்து வீட்டம்மா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள், போய் ரெண்டு மணி நேரம் இருக்கும் என்றாள். தைத்துவிடச் சொல்லத்தான் போயிருக்கிறாள் என்று ஜம்புவுக்குத் தெரிந்துபோயிற்று. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. கேட்டுக்குக் கீழே குனிந்து, அது போய் முடிகிற வரை தண்டவாளத்தின் ஓரத்தில் நின்றான். பிறகு மழையில் ஓட ஆரம்பித்தான். ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. பாதிதூரம் ஓடியபிறகுதான் ஒன்று கிடைத்தது.

கட்டு மாற்றுகிற அறைக்கு வெளியே பெஞ்சில் பவுனு உட்கார்ந்திருந்தாள். மடியில் அம்மு தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் புதுக் கட்டு வெள்ளையாக இருந்தது. ஜம்பு அவள் முன்னால் போய் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"தெச்சிட்டாங்களா?"

பவுனு இல்லை என்று தலையாட்டினாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். அந்தச் சின்ன டாக்டர் இன்றைக்கு இல்லை. பெரிய டாக்டரம்மா இருந்தார், லீலா குல்கர்ணி என்று பெயர். வாடை வருகிறது, அழுகிப்போய்விட்டது, என்ன செய்வீர்களோ செய்யுங்கள் என்று பவுனு அழுதிருக்கிறாள். அந்தம்மா 'காபரூ நகா தாயி, பயப்படாதே' என்று சொல்லிக்கொண்டே கட்டைப் பிரித்தார்களாம். வெந்நீரில் கழுவினார்களாம். முகர்ந்துகூடப் பார்த்தார்களாம். பிறகு பவுனுவைப் பக்கத்தில் கூப்பிட்டு, விளக்கை இழுத்து வைத்து, இங்கே பார் என்றார்களாம்.

"பாத்தன்யா" என்றாள் பவுனு. "அந்த எலும்பு தெரியல. அதும்மேல செவப்பா, மொட்டு விட்டாப்புல, இம்மாந்தூண்டு வந்திருக்குது. சீழெல்லாம் இல்ல. வாடை வர்றது சகஜம்தானாம். இப்பவும் தெக்கணும்னா தெச்சித் தர்றன், நீ சொல்லுன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"வாணாம்னன்."

ஜம்பு பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து பவுனு முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள், அம்முவுக்குத் துவட்டுகிற மாதிரி, வேகமாக, கொஞ்சம் கோபத்தோடு.

போவதற்கு முன் டாக்டரம்மா அவனையும் உள்ளே கூப்பிட்டார். அந்தச் சின்ன டாக்டர் சொன்னதும் தப்பில்லை, நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். ஆனால் குழந்தைகளுக்கு நான் தைப்பதில்லை, ஏழெட்டுப் பேருக்கு வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் முழுசாக வளரும் என்று சொல்லமாட்டேன். இனிமேல் கட்டு மாற்ற இங்கேயே வா. கடைசியில், உனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டார். ஜம்பு தன் வேலையைச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. இன்னும் சொல்லு என்றார். வெளியே அத்தனை கூட்டம் காத்திருக்க, வால் எப்படி வளர்கிறது என்று ஐந்து நிமிஷம் அவனைச் சொல்லவைத்துக் கேட்டார்.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. சதுர்த்திக்குக் கணபதி வந்து போனார். வரிசை வீட்டுக் குழந்தைகளோடு அம்முவும் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு சலங்கைக் கழி குலுக்கும் லெசிம் ஆட்டத்துக்கு நடுவில் ஓடினாள். செப்டம்பர் கடைசியில் கட்டே தேவைப்படவில்லை. நுனி வந்துவிட்டது. முதலில் ரோஜா நிறத்தில் உருண்டையாக இருந்தது, பிறகு மெல்லக் கூர்த்தது. நகம் அடியிலிருந்து நெம்பி நெம்பி முன்னால் வந்து நுனியைத் தொட்டது. லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தெரிந்தவர்கள் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அம்மு அந்த விரலை யாரையும் தொடவிடவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்கள். இப்போது யாராவது கேட்டால் கையைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொள்வாள்.

செய்தி கேஷவ் வழியாக ரவிசந்திரனுக்குப் போயிற்று. தசராவுக்கு அடுத்த வாரம் பெங்களூரில் அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. குழந்தையை ஒருநாள் அழைத்துவாயேன், ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றார். பவுனு முடியாது என்றுவிட்டாள். தவக்களை வைக்கிற இடத்தில் என் பெண்ணுக்கு என்ன வேலை என்றாள். ஜம்பு அதை அப்படியே சொல்லாமல், பள்ளிக்கூடம் இருக்கிறது சார் என்றான். அப்படியானால் நானே வருகிறேன் என்று அவரே ஒரு சனிக்கிழமை காலையில் காரில் வந்துவிட்டார், கேமராவும் ஒரு சின்ன அளவுகோலுமாக.

வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். பவுனு டீ போட்டுக்கொடுத்தாள். அம்மு கதவுக்குப் பின்னால் நின்றாள். எந்த விரல் பாப்பா, மாமாவிடம் காட்டு என்று அவர் தன்மையாகத்தான் கேட்டார். சாக்லேட்டை நீட்டினார். ரொம்ப நேரம் கழித்து அம்மு வெளியே வந்து சுட்டுவிரலை நீட்டினாள். வலது கைச் சுட்டுவிரல்.

ரவிசந்திரன் அதைப் பிடித்து அளவுகோலின் பக்கத்தில் வைத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஆறு படம் எடுத்தார். ஜம்பு, "சார்" என்று ஆரம்பித்தான்.

"இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா சார்?" என்றாள் பவுனு.

அவர் வேண்டாம் என்று எழுந்துகொண்டார். கார் போனதும் ஜம்பு அம்முவைக் கேட்டான், ஏன் அந்த விரலைக் காட்டினாய் என்று. "அது வலிச்ச விரலு. அத காட்ட மாட்டன்" என்றாள். சாக்லேட்டைப் பிரித்துத் தின்றாள். பவுனு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். உள்ளே அவள் சிரிப்பது ஜம்புவுக்குக் கேட்டது. ஜூலைக்கு அப்புறம் இப்போதுதான் கேட்கிறான்.

புதன்கிழமை, பெங்களூருக்குப் போவதற்கு முன் எல்லாருக்கும் ஒருதரம் காட்டிவிடுகிறேன் என்று ரவிசந்திரன் கூடத்தில் திரையைத் தொங்கவிட்டார். இருபது இருபத்தைந்து பேர் இருந்தார்கள். தலைப்பிரட்டைகளை வெட்டியவன் என்பதால் ஜம்புவையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசியில் கதவோரம் நின்றான். வால்கள் வந்தன. வெட்டிய வால், மூன்றாம் நாள் வால், பத்தாம் நாள் வால். பிறகு அம்முவின் விரல் வந்தது, சுவர் உயரத்துக்கு. தைக்காமல் விட்டதால் முழுமையாக வளர்ந்த விரல் நுனி என்றார் ரவிசந்திரன். குச்சியால் நகத்தின் ஓரத்தைத் தொட்டார். இங்கே பாருங்கள், மிக லேசாக ஒரு சாய்வு தெரிகிறது, புதிதாக வளர்ந்த நகம் என்பதற்கு இதுதான் அடையாளம் என்றார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

முன்வரிசையில் இருந்த கேஷவ் திரும்பி இருட்டில் ஜம்புவைத் தேடினான்.

"சார்" என்றான் ஜம்பு. "அது வலது கையி சார். அடிபட்டது எடது கையி. இந்த விரலுக்கு ஒண்ணும் ஆவல."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் ரவிசந்திரன். குழந்தை அதைத்தான் காட்டியது சார், சொல்ல வந்தேன், சொல்லாமல் விட்டுவிட்டேன், என் தப்புதான் என்றான் ஜம்பு. அவர் அந்த ஸ்லைடைத் தன் கையாலேயே எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். சனிக்கிழமை மறுபடி வரட்டுமா என்று கேட்டார். அவர் ஜம்புவிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல்தடவை.

"வாணாம் சார். அவ காட்ட மாட்டா."

ரவிசந்திரன் சரி என்றார். அடுத்த ஸ்லைடு வந்தது, ஜம்பு வெட்டிய ஒரு வால், நூல் பிடித்தாற்போல.

சாயங்காலம் ஜம்பு வீட்டில் நடந்ததைச் சொன்னான். பவுனு வாடிக்கைக்காரர்களின் தூக்குகளில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். "அத்தினி பேரு முன்னாலயா சொன்ன?" என்று கேட்டாள். ஆமாம் என்றான். அவள் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டி வைத்தாள். ஒரு தூக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, "உக்காரு, ஒரு தோசை ஊத்தறன்" என்றாள். அம்மு வாசலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு மண்ணில் கோடு கிழித்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். எந்தக் கையால் கிழிக்கிறாள் என்று ஜம்பு எட்டிப் பார்க்கவில்லை.